48,000 ரூபாய்க்கு எத்தனை கிலோ நிற்கும்?

கேள்வி: என் கணவருக்கு வயது 43. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். உயரம் 170 செ.மீ., எடை 86 கிலோ, இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ. நிறுவனத்தில் நடந்த மருத்துவ முகாமில் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 112, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள் என்றார் மருத்துவர். என் மாமனார் சர்க்கரை நோயால் இரண்டு கால்விரல்களை இழந்தவர். அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கள் பகுதியில் ஓர் எடைக் குறைப்பு மையத்தில் விசாரித்தேன். மூன்று மாதத்துக்கு 48,000 ரூபாய், 15 கிலோ குறைத்துக் காட்டுகிறோம் என்கிறார்கள். ஊட்டச்சத்து மாவும் அதில் அடக்கமாம். 'நடப்பதற்கு எதற்குக் காசு? நானே பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார் அவர். சம்பளம் 58,000 ரூபாய், இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது கட்டிவிடலாமா? எடை குறைக்கும் ஊசியைப் பற்றியும் கேள்விப்படுகிறோம். எனக்கும் 39 வயதில் 68 கிலோ இருக்கிறது, உயரம் 154 செ.மீ. என்னைப் பற்றிக் கவலையில்லை, அவர் நன்றாக இருந்தால் போதும்.

— ஒரு வாசகி, திருப்பூர்

பதில் அளிப்பவர்: சமூக மருத்துவ நிபுணர்

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை அடகு வைக்காதீர்கள். அந்த 48,000 ரூபாயை அந்த மையத்தில் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்காக உங்கள் கணவர் சொல்வது முழுக்கச் சரி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி எங்கே தவறுகிறது என்பதையும் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் பயமும் பணமும் பின்னிக் கிடக்கின்றன. பயத்தில் இருப்பவரிடம் எதையும் விற்றுவிட முடியும் என்பதால், கணக்கை நிதானமாகப் போட்டுப் பார்ப்போம்.

உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் பி.எம்.ஐ. என்ற எண் உங்கள் கணவருக்கு 29.8. ஐரோப்பியர்களுக்கு 30 தொட்டால்தான் உடல் பருமன் என்று கணக்கு. நம்மவர்களுக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. அதனால் 23 தொட்டால் கூடுதல் எடை, 25 தொட்டால் பருமன் என்று இந்திய வல்லுநர்கள் 2009இல் வரையறுத்தார்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. ஆகவே எடையைக் குறைக்கச் சொன்ன மருத்துவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் எவ்வளவு குறைக்க வேண்டும்? சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த மிகப் பெரிய தடுப்பு ஆய்வில், 3,234 பேர் கலந்துகொண்டார்கள். வாழ்க்கை முறை மாற்றப் பிரிவுக்கு வைத்த இலக்கு, உடல் எடையில் 7 சதவீதக் குறைப்பும் வாரத்துக்கு 150 நிமிட நடையும்தான். 2002இல் முடிவு வெளியானபோது, அந்தப் பிரிவில் சர்க்கரை நோய் 58 சதவீதம் குறைந்திருந்தது. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம். உங்கள் கணவருக்கு 7 சதவீதம் என்றால் 6 கிலோ. 86இலிருந்து 80க்கு வந்தாலே அவர் உடலுக்குப் பெரிய உதவி. 15 கிலோ என்பது விளம்பரத் தட்டிக்குத் தேவைப்படுகிற எண்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வியைத்தான் அதுவும் கேட்டது. கூடுதல் எடை கொண்ட 1,267 பேரை மூன்று பிரிவுகளாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்குச் சுருக்கமான அறிவுரையும் படித்துப் பின்பற்ற ஒரு கையேடும் மட்டும். இரண்டாம் பிரிவினர் வெயிட் வாட்சர்ஸ் என்ற எடைக் குறைப்பு நிறுவனத்தின் வாராந்திரக் கூட்டங்களுக்கு 12 வாரம் கட்டணமின்றிப் போகலாம். மூன்றாம் பிரிவினர் அதே கூட்டங்களுக்கு 52 வாரம் போகலாம். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகள் வந்தன. ஓராண்டு முடிவில் கையேட்டுக்காரர்கள் சராசரியாக 3.26 கிலோ குறைந்திருந்தார்கள். 12 வாரம் போனவர்கள் 4.75 கிலோ, 52 வாரம் போனவர்கள் 6.76 கிலோ.

முதல் எண்ணைக் கவனியுங்கள். யாருக்கும் காசு கொடுக்காமல், ஒரு கையேட்டையும் கொஞ்சம் அறிவுரையையும் வைத்துக்கொண்டே ஓராண்டில் 3 கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறார்கள். உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது என்றேனே, அது இதுதான். குறைக்க வேண்டும் என்று மனத்தில் முடிவெடுத்தவர் தானாகவே கொஞ்சம் குறைப்பார். ஆகவே ஒரு மையம் '5 கிலோ குறைத்தோம்' என்று சொன்னால் அந்த 5 கிலோவும் அவர்கள் செய்தது ஆகாது. மையத்துக்குப் போகாமலே குறைந்திருக்கக்கூடியதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம். அந்த ஆய்வின்படி 12 வாரத் திட்டத்தின் நிகரப் பலன் ஓராண்டு முடிவில் ஒன்றரைக் கிலோ. 48,000 ரூபாயை ஒன்றரையால் வகுத்துப் பாருங்கள்: ஒரு கிலோவுக்கு 32,000 ரூபாய். இங்கிலாந்துக் கணக்கு திருப்பூருக்கு அப்படியே பொருந்தாதுதான். உங்கள் மையம் அதைவிட இரண்டு மடங்கு திறமையானது என்றே வைத்துக்கொண்டாலும் கிலோவுக்கு 16,000 ரூபாய் ஆகிறது.

இரண்டாம் ஆண்டு முடிவில் என்ன ஆயிற்று என்பது இன்னும் முக்கியம். மூன்று பிரிவினருக்குமே எடை கொஞ்சம் திரும்பியது. தொடக்கத்தோடு ஒப்பிட்டால் முறையே 2.30, 3.00, 4.29 கிலோ குறைவாக இருந்தார்கள். ஐந்தாண்டுக்குப் பிறகு மீண்டும் தேடிப்போய் அளந்தார்கள். கையேட்டுக்காரர்களிடம் அரைக் கிலோகூட நிற்கவில்லை. 12 வாரக்காரர்களிடம் 1.95 கிலோவும், 52 வாரக்காரர்களிடம் 2.67 கிலோவும் நின்றிருந்தன. உங்கள் கணவர் சொல்வதில் தவறுகிற மீதிப் பாதி இங்கே இருக்கிறது. தானாகக் குறைப்பது முதல் ஆண்டில் சாத்தியமாகிறது. யாரும் கூப்பிட்டு விசாரிக்காமல், யார் முன்னாலும் எடை இயந்திரத்தில் ஏறி நிற்காமல், அதைப் பல ஆண்டு பிடித்துவைப்பதுதான் கடினம். வெயிட் வாட்சர்ஸ் நிறுவனமும் அந்த ஆய்வுச் செலவில் ஒரு பங்கைக் கொடுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பலவிதமான இத்தகைய திட்டங்களைச் சேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்பாய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன: சராசரிப் பலன் சில கிலோதான், திட்டம் முடிந்தபின் எடை மெல்லத் திரும்புகிறது, இருந்தும் ஒரு பகுதி சில ஆண்டுகளுக்கு நிற்கிறது.

எனவே என் அளவுகோல் ஒன்றே ஒன்று. மூன்றாம் மாதத்தில் தராசு காட்டும் எண்ணை விட்டுவிடுங்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் எத்தனை கிலோ நிற்கும் என்று கேளுங்கள். முதல் தவணையை மட்டும் கட்டிவிட்டு விட்டுவிட்ட காப்பீட்டுப் பாலிசி மாதிரிதான், தொடர்ச்சி இல்லாத எடைக் குறைப்பும் காலாவதியாகிவிடும். தவணையைச் சிறிதாக வைத்து நீண்ட நாள் கட்டுகிற வழியைத்தான் நாம் தேட வேண்டும்.

'அப்படியானால் பிரிட்டன் அரசு ஏன் இத்தகைய திட்டங்களுக்கு மக்கள் வரிப்பணத்தைச் செலவிடுகிறது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே நைஸ் என்ற அரசு சார்ந்த அமைப்பு, எந்தச் சிகிச்சைக்குப் பணம் கொடுக்கலாம் என்று ஆராய்ந்து பரிந்துரைக்கிறது. முழு ஆரோக்கியத்தோடு வாழ்கிற ஓர் ஆண்டை ஓர் அலகாக வைத்துக்கொண்டு, அந்த ஓர் ஆண்டைக் கூடுதலாகப் பெற 20,000 முதல் 30,000 பவுண்டு வரை செலவானால் பரவாயில்லை என்று பல ஆண்டுகளாகக் கணக்குப் பார்த்துவந்தது. அந்த அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஓர் எளிய கணக்கு உண்டு: ஒரு நபருக்கு 100 பவுண்டோ அதற்குக் குறைவாகவோ செலவாகும் 12 வாரத் திட்டம், போகாதவர்களைவிட ஒரே ஒரு கிலோ கூடுதலாகக் குறைத்து, அந்த வித்தியாசம் ஆயுள் முழுக்க நின்றால் போதும், செலவுக்கு ஏற்ற பலன் கிடைத்துவிடும். ஒரு கிலோ என்பது ஒரு மனிதருக்குச் சிறிய எண்தான். ஆனால் லட்சக்கணக்கானவர்களிடம் ஆளுக்கு ஒரு கிலோ குறைந்தால், பிற்காலத்தில் எத்தனையோ மாரடைப்புகளும் டயாலிசிஸ் செலவுகளும் குறையும். நான் சொன்ன இங்கிலாந்து ஆய்வில்கூட 25 ஆண்டுகளை முன்வைத்துக் கணக்கிட்டபோது, 12 வாரத் திட்டத்தோடு ஒப்பிட 52 வாரத் திட்டத்தில் ஆரோக்கியமான ஓர் ஆண்டைக் கூடுதலாகப் பெற ஆன செலவு சுமார் 3,800 பவுண்டுதான். மிக மலிவு.

இந்தக் கணக்கில் இரண்டு சொற்கள் எல்லாவற்றையும் தாங்கி நிற்கின்றன: '100 பவுண்டுக்குள்', 'ஆயுள் முழுக்க'. மையம் உங்களிடம் கேட்கும் தொகை அதைப்போல் பல மடங்கு, பின்தொடர்வதற்கோ அதில் வழியே இல்லை. தவிர, அரசு தன் செலவை 25 ஆண்டுகளில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஜூன் மாதமே வந்து நிற்கும். அரசுக்கு லாபமான திட்டம், வட்டிக்கு வாங்கிக் கட்டும் குடும்பத்துக்கு நஷ்டமாகலாம். எடைக் குறைப்புத் திட்டங்கள் செலவுக்கேற்ற பலன் தருபவை என்று ஆய்வுகளைக் காட்டி யாராவது உங்களிடம் விற்க வந்தால், யாருடைய செலவுக்கு, எத்தனை ஆண்டில் என்று திருப்பிக் கேளுங்கள்.

இனி நம் மண்ணில் நடந்ததைப் பார்ப்போம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. உங்கள் கணவரைப் போலச் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர், பெரும்பாலும் நடுத்தரக் குடும்பத்தினர். வழக்கமான முறையில் விடப்பட்ட பிரிவில் மூன்றே ஆண்டில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவு, நடை ஆகியவற்றில் தொடர்ந்து வழிகாட்டப்பட்ட பிரிவில் 39.3 சதவீதம். குறைந்த அளவு மெட்ஃபார்மின் எடுத்தவர்களிடம் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களிடம் 39.5, அதாவது சேர்த்ததால் கூடுதல் நன்மை எதுவும் இல்லை. வழிகாட்டல் என்றால் ஏதோ ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில், மாதம் ஒருமுறை தொலைபேசியில். தினமும் அரை மணி நேர நடை, தீட்டிய மாவுப்பொருளும் சர்க்கரையும் எண்ணெயும் குறைவு, நார்ச்சத்து கூடுதல். அவ்வளவே.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. வழிகாட்டல் பிரிவினரின் சராசரி எடை பெரிதாகக் குறையவே இல்லை. இருந்தும் நோய் குறைந்தது. நடையும் உணவு மாற்றமும் தராசில் தெரியாமலே உடலுக்குள் வேலை செய்கின்றன. ஆகவே மூன்று மாதம் நடந்தும் இரண்டு கிலோதான் குறைந்தது என்று உங்கள் கணவர் சலித்துக்கொண்டால், நிறுத்திவிட வேண்டாம் என்று இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

செலவுக் கணக்கை 2007இல் தனியாக வெளியிட்டார்கள். மூன்றாண்டு வழிகாட்டலுக்கு ஒருவருக்கு 10,136 ரூபாய், வழக்கமான பிரிவில் ஒருவருக்கு 2,739 ரூபாய். வித்தியாசம் 7,397 ரூபாய். ஆறு பேருக்குச் சற்று மேல், துல்லியமாகச் சொன்னால் 6.4 பேருக்கு இப்படிச் செய்தால் ஒருவர் நோயிலிருந்து தப்புகிறார். பெருக்கிப் பார்த்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க 47,341 ரூபாய். அன்றைய விலைவாசியில் ஆறேழு பேரை மூன்றாண்டு வழிநடத்தி, அவர்களில் ஒருவரை நோயிலிருந்து காக்க ஆன செலவு இது. உங்களிடம் மூன்று மாதத்துக்குக் கேட்கிற தொகையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. இன்றைய விலை அன்றைக்கு இருந்ததைவிட எவ்வளவோ ஏறியிருக்கிறது என்றாலும், வருடக் கணக்கில் கைபிடித்து நடத்துவதற்கும் மூன்று மாதம் மாவு விற்பதற்கும் உள்ள தூரம் குறையவில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பெரிய செலவு விடுபட்டிருக்கிறது. நேரடி மருத்துவச் செலவை மட்டுமே அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். வீட்டில் காய்கறிக்கும் பழத்துக்கும் கூடுதலாக ஆனதும், சமைத்தவரின் நேரமும் அதில் இல்லை. நம் வீடுகளில் கணவரின் 'உணவுமுறை மாற்றம்' என்பது மனைவியின் அடுப்படி வேலை. அவருக்கு ஒரு டிபன், பிள்ளைகளுக்கு ஒரு டிபன், மாமனாருக்கு இன்னொன்று என்று தனித்தனியாகச் செய்யத் தொடங்கினால் ஆறே வாரத்தில் நீங்கள் ஓய்ந்துபோவீர்கள், திட்டமும் ஓய்ந்துபோகும். எனவே ஒரே சமையல், எல்லோருக்கும். சோற்றின் அளவைக் குறைத்து, பொரியலும் கூட்டும் கீரையும் தட்டில் பாதிக்கு வரட்டும். பருப்போ சுண்டலோ முட்டையோ ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். வளரும் பிள்ளைகள் சோற்றைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் கணவர் ஒரு நாளைக்கு நான்கு முறை தேநீர் குடிப்பவராக இருந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போடுபவராக இருந்தால், அதுவே 130 கலோரிக்குக் குறையாது. வடை, பஜ்ஜி சேர்த்தால் தனிக் கணக்கு. அலுவலகத்தில் குடிக்கும் தேநீரை நீங்கள் காவல் காக்க முடியாது, காக்கவும் வேண்டாம். அது அவர் பொறுப்பு. அவருடைய நோய்க்கு அவர்தான் முதலாளி என்று நீங்கள் மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

இதைவிட மலிவான ஒரு வழியும் சோதிக்கப்பட்டிருக்கிறது. அதே ராமச்சந்திரன் குழு, வேலைக்குப் போகும் 35 முதல் 55 வயது வரையிலான 537 ஆண்களைச் சேர்த்தது. தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒருமுறை அறிவுரை. பிறகு ஒரு பிரிவினருக்கு மட்டும் கைபேசியில் குறுஞ்செய்திகள்: நடந்தீர்களா, எண்ணெயைக் குறைத்தீர்களா என்று நினைவூட்டுபவை. இரண்டாண்டில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம். 2013இல் வெளியான இந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் உங்கள் கணவர் வயதுக்காரர்கள் என் நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்குத் தெரியாதது எதுவும் அந்தச் செய்திகளில் இல்லை. தெரிந்ததை யாரோ ஒருவர் விடாமல் நினைவூட்டினார்கள். உங்கள் வீட்டில் அந்த வேலையைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் கொடுங்கள், மகிழ்ச்சியாகச் செய்வார்கள்.

மலிவானது எல்லாம் பலித்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1,007 பேரை வைத்து, அக்கம்பக்கத்தவரே குழுவாகக் கூடி ஒருவரை ஒருவர் ஊக்கப்படுத்தும் முறையைச் சோதித்தார்கள். இரண்டாண்டு முடிவில் 17.1 சதவீதத்துக்கு எதிராக 14.9 சதவீதம். புள்ளிவிவரப்படி இது உறுதியான வெற்றி இல்லை. மது குறைந்தது, காய்கனி உண்பது கூடியது. அது நல்லதுதான், ஆனால் சர்க்கரை நோயைத் தடுத்தது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

எந்தத் திட்டம் யாருக்குப் பலிக்கும் என்பதில் சென்னையில் நடந்த இன்னொரு ஆய்வு ஒரு முக்கியமான செய்தி சொல்கிறது. 578 பேர், எல்லோரும் கூடுதல் எடையும் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையும் கொண்டவர்கள். வகுப்புகள் நடத்தி, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் பிறகு மெட்ஃபார்மின் சேர்த்தார்கள். மூன்றாண்டில் மொத்தத்தில் 32 சதவீதம் ஆபத்து குறைந்தது. ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால், வெறும் வயிற்றிலும் சாப்பிட்டபின்னும் சர்க்கரை ஏறுகிறவர்களுக்கு 36 சதவீதமும், சாப்பிட்டபின் மட்டும் ஏறுகிறவர்களுக்கு 31 சதவீதமும் குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் ஏறியவர்களுக்கு 12 சதவீதம்தான். இந்த ஆய்வில் வகுப்புக்கு வந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு மாத்திரையும் தேவைப்பட்டது என்பதையும் மறைக்கக் கூடாது. நடை, உணவு இரண்டையும் செய்தும் மாத்திரை தேவைப்பட்டால் அது தோல்வி என்று உங்கள் கணவர் நினைக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் வெறும் வயிற்று அளவும் எச்பிஏ1சியும்தான் இருக்கின்றன. அவர் எந்த வகை என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதில் 140 முதல் 199 வரை வந்தால், நான் மேலே சொன்ன வழிகளெல்லாம் நன்றாகப் பலிக்கக்கூடியவர் அவர். 200ஐத் தொட்டால் ஏற்கெனவே நோய் வந்துவிட்டதாக இருக்கலாம், உறுதிப்படுத்திச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். எந்த மையத்துக்கும் ஒரு ரூபாய் கட்டும் முன்பு இந்தப் பரிசோதனைக்குச் செலவிடுங்கள். அரசு மருத்துவமனையில் செய்துகொண்டால் அந்தச் செலவும் இல்லை.

பிறகு என்ன செய்யலாம் என்பதற்கு என் யோசனை. முறையாகப் படித்த உணவியல் நிபுணர் ஒருவரைத் தேடுங்கள். ஒரு சந்திப்புக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், ஊருக்கு ஊர் மாறும். முதல் நான்கு மாதம் மாதத்துக்கு இரண்டு முறை, அதன்பின் ஆண்டு முடியும்வரை மாதம் ஒருமுறை. 16 சந்திப்புகள், 8,000 ரூபாய். இரண்டாம் ஆண்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, 3,000 ரூபாய். நல்ல காலணி ஒன்று, வீட்டுக்கு ஓர் எடை இயந்திரம், தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று. எல்லாம் சேர்த்து இரண்டாண்டுக்கு 15,000 ரூபாயை ஒட்டி முடியும். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், எடையை ஒரு நோட்டில் எழுதட்டும். சந்திப்புகளை இரண்டாம் ஆண்டில் வெட்டிவிடாதீர்கள். எடை திரும்புகிற காலம் அது, பணம் வேலை செய்கிற காலமும் அதுவே.

தனியாக நடப்பது அவருக்குப் பிடிபடவில்லை, கூட்டத்தோடுதான் செய்ய முடியும் என்றால், ஒரு மையத்துக்குப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கேள்வி கேட்டுவிட்டுப் போங்கள். போன வருடம் இதே மாதம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பாதியில் நின்றவர்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும், சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் அவர்கள் இருக்க மாட்டார்கள். மாவு இல்லாமல் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். மாதா மாதம் கட்டுவதற்குச் சம்மதிக்கிறார்களா என்று பாருங்கள். மூன்று மாதத்தில் 15 கிலோ என்ற வாக்குறுதியை நீங்களாகவே விலக்கிவிடுங்கள். அத்தனை வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது.

ஊசி பற்றிச் சுருக்கமாக. அவை உண்மையிலேயே எடையைக் குறைக்கின்றன, இத்தகைய திட்டங்களைவிட அதிகமாகவே. ஆனால் செமாக்ளுடைட் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதை ஆய்வு காட்டியிருக்கிறது. டிர்செபடைட் என்ற இன்னோர் ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 5 மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய், வாரத்துக்கு ஒன்று. விலை குறைந்தாலும் நீண்ட காலத்துக்குக் கட்ட வேண்டிய பணம் அது. உங்கள் கணவரின் இன்றைய நிலையில் முதலில் போக வேண்டிய இடம் அதுவல்ல. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தாலோ, ரத்த அழுத்தம் கூடியிருந்தாலோ அவருடைய மருத்துவர் வேறுவிதமாக முடிவெடுக்கலாம்.

எடை குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியும் பணத்தைக் கொட்டாதீர்கள். அமெரிக்காவில் ஏற்கெனவே சர்க்கரை நோய் வந்த 5,145 பேரிடம் தீவிரமான எடைக் குறைப்பைப் பத்தாண்டுக்குச் சற்றுக் குறைவாகச் செய்து பார்த்தார்கள். எடை குறைந்தது, சர்க்கரை கட்டுப்பட்டது, மருந்துகள் குறைந்தன. மாரடைப்பும் பக்கவாதமும் மட்டும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. 2012இல் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். ரத்த அழுத்தமும் கொழுப்பும் தனியே பார்க்கப்பட வேண்டியவை. அவர் புகைப்பவராக இருந்தால், எடையைவிட அதை முதலில் விடச் சொல்வேன்.

கடைசியாக, உங்களைப் பற்றி. 'என்னைப் பற்றிக் கவலையில்லை' என்று எழுதிவிட்டீர்கள். எனக்கு இருக்கிறது. உங்கள் பி.எம்.ஐ. 28.7, கணவருடையதிலிருந்து ஒன்றுதான் குறைவு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடையோ பருமனோ கொண்டவர்கள். ஆண்களில் 37 சதவீதம். பெண்கள்தான் கூடுதல், ஆனால் எடைக்காக எனக்கு வரும் கடிதங்களில் மனைவிகள் கணவர்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். உங்கள் சர்க்கரையை எப்போது பார்த்தீர்கள்? பிள்ளைப்பேற்றின்போது சர்க்கரை ஏறியிருந்ததா? இருந்திருந்தால் உங்கள் ஆபத்து உங்கள் கணவரைவிடக் குறைந்தது இல்லை. உணவியல் நிபுணரிடம் இருவரும் சேர்ந்தே போங்கள். சமையல் ஒன்றுதான், நடையும் ஒன்றாகவே போகலாம். கூடுதல் செலவு ஒரு ஜோடி காலணி மட்டுமே. உங்களுக்குச் சமையலறையை விட்டு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் வெளியே வரக் கிடைப்பதை நான் பெரிய பலனாகவே நினைக்கிறேன், எந்த ஆய்வின் கணக்கிலும் அது வராவிட்டாலும்.

குளுக்கோஸ் பரிசோதனையை இருவருமே செய்துகொள்ளுங்கள். அதற்கு முந்தைய மூன்று நாட்கள் சோற்றையோ இட்லியையோ குறைக்காமல் வழக்கம்போல் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் முடிவு தவறாக வரலாம். முந்தைய இரவு சாப்பிட்டபின் குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம். குளுக்கோஸ் குடித்தபின் இரண்டு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், நடக்கவோ தேநீர் குடிக்கவோ கூடாது. அலுவலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவரை அழைத்துப் போங்கள். முடிவுகள் வந்ததும் இருவருடைய எண்களையும் எனக்கு எழுதுங்கள்.